அகதிகளும் அயலவரும்: லூயிஸ்ரன் நகரில் சோமாலியக் குடும்பங்களின் குடியேற்றம்

‘அகதி’ என்னும் சொல் கதியற்றவர் என்னும் பொருளுடையது. அச்சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறியவேண்டிய தேவை ஈழத்து வாசகர்க்கு இல்லை. ஆயினும் அகதிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் நாட்டைவிட்டு ஓடிய கதையையே எழுதுகின்றனர். எல்லையைக் கடந்து, முகாமிற் பதிவுபெற்று, விமானம் ஏறியதோடு அவ்வரலாறு முற்றுப்பெற்றதாகக் கருதப்படுகின்றது. உண்மையில், அறியாத ஊரொன்றில் வாடகை வீட்டின் கதவைத் திறந்து உள்ளே கால்வைக்கும் வேளையிலேதான் இன்னொரு வரலாறு தொடங்குகின்றது. அந்த வரலாற்றில் வந்தவர்களுக்கு உள்ள பங்கு, வரவேற்கவோ வெறுக்கவோ செய்யும் ஊரவர்க்கும் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் லூயிஸ்ரன் என்னும் நெசவாலை நகரில் 2001ஆம் ஆண்டு முதல் சோமாலியாவிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான மக்கள் குடியேறினர். அவர்களுக்குத் துணைநின்ற தொண்டர்கள் என்ன செய்தனர், எங்கே தவறினர், எதனாற் பயன் விளைந்தது என்பவற்றை நோக்குவது இக்கட்டுரையின் பணியாகும்.

ஆற்றங்கரை நெசவாலைகள்

லூயிஸ்ரன் நகரம் அன்ட்றொஸ்கொகின் ஆற்றின் நீர்வீழ்ச்சியருகே அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொஸ்ரன் நகர முதலாளிகள் அந்நீர்விசையைப் பயன்படுத்திப் பெரும் பருத்தி நெசவாலைகளை நிறுவினர். அவற்றுட் புகழ்பெற்றது பேற்ஸ் ஆலை. தென்மாநிலங்களில் அடிமைகள் விளைத்த பருத்தி இங்கே துணியாயிற்று. அதே நகரில் 1855இல் அடிமை முறையை எதிர்த்தோர் ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினர். அதுவே பின்னர் ஆலை முதலாளியின் பெயரைத் தாங்கிப் பேற்ஸ் கல்லூரியாயிற்று. அடிமைகளின் உழைப்பும் அடிமைமுறை எதிர்ப்பும் ஒரே ஊரின் தோற்றத்திற் கலந்திருந்தமை பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

ஆலைகளுக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். 1870களிற் கனடாவின் கியூபெக் மாகாணத்தோடு புகையிரதத் தொடர்பு ஏற்பட்டபின், பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் கமக்காரர் குடும்பம் குடும்பமாக வந்திறங்கினர். ஆற்றோரத்தில் அவர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி ‘சின்னக் கனடா’ எனப்பட்டது. பல மாடிகள் கொண்ட மரவீடுகளில் ஒரு குடும்பத்தின்மேல் இன்னொரு குடும்பமாக அவர்கள் வாழ்ந்தனர். 1878இற் கியூபெக்கிலிருந்து வந்த கன்னியாஸ்திரீகள் 1888இல் வைத்தியசாலை ஒன்றை நிறுவினர். பிரெஞ்சுப் பத்திரிகை வெளிவந்தது. பரஸ்பர உதவிச் சங்கங்கள் தோன்றின. வந்தேறிய ஒரு மக்கட்கூட்டம் தன் சொந்தத் தாபனங்களின் துணையோடு நிலைகொண்டது என்பதே அதன் பொருள்.

ஆனால் அவர்களை மாநிலம் மனமுவந்து ஏற்றுக்கொள்ளவில்லை. 1919இல் இயற்றப்பட்ட சட்டமொன்று பொதுப் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனாமொழியாக இருத்தல் வேண்டுமென விதித்தது. பல பத்தாண்டுகள் நிலைத்த அச்சட்டத்தின் கீழ், பாடசாலை வளவில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டனைக்குள்ளாயினர். 1920களிற் கு குளக்ஸ் கிளான் இயக்கம் மேய்ன் மாநிலத்திற் பரவியபோது அதன் பகைமைக்கு முதன்மையாக இலக்கானோர் இந்தப் பிரெஞ்சுக் கத்தோலிக்கரே. மொழி வேறு, மதம் வேறு, பிள்ளைகள் அதிகம், குறைந்த கூலிக்கு வேலை செய்து பிறர் பிழைப்பைக் கெடுப்பவர்கள் என்பன அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நெசவுத் தொழில் தென்மாநிலங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் நகர்ந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1970இல் 41,779ஆக இருந்த நகரின் குடித்தொகை 2000ஆம் ஆண்டில் 35,690ஆகக் குறைந்தது. இளைஞர் வெளியேறினர், மையப்பகுதியின் மரவீடுகள் வெறுமையாயின. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேற்பட்டோர் வெள்ளையர். அவர்களுட் பெரும்பாலோர், அந்நியர் என்று ஒருகாலத்தில் இகழப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அந்த நினைவு மட்டும் மங்கியிருந்தது.

அழைப்பின்றி வந்தோர்

அமெரிக்காவில் அகதிகளைக் குடியமர்த்தும் முறை 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்டது. அரசு அனுமதி வழங்கும்; விமான நிலையத்தில் எதிர்கொள்வது, வீடு பார்ப்பது, பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்ப்பது முதலியவற்றை அரசின் நிதியுதவியோடு தொண்டர் தாபனங்கள் செய்யும். அந்த உதவிக்காலம் மிகக் குறுகியது. வந்த சில மாதங்களுக்குள் அகதி தன் காலில் நின்றுவிடுவார் என்பது அதன் எதிர்பார்ப்பு. விமானப் பயணச் செலவுகூடக் கடனாகவே கொடுக்கப்பட்டது. அதனைத் தவணை முறையில் அவர் திருப்பிச் செலுத்தவேண்டும்.

முதலில் அமர்த்தப்பட்ட ஊரிலேயே அகதி இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. 1990களில் அற்லாண்டா, கொலம்பஸ் போன்ற பெருநகரங்களின் வறிய பகுதிகளில் அமர்த்தப்பட்ட சோமாலியர், அங்கு மலிந்திருந்த குற்றச் செயல்களையும் நெரிசலையும் கண்டு அஞ்சினர். புதிய மேய்ச்சல் நிலத்தை அறிந்துவர முன்னோடிகளை அனுப்புவது சோமாலிய இடையர் மரபு. அம்மரபின்படியே குடும்பப் பெரியவர்கள் ஊர் ஊராக விசாரித்தனர். மேய்ன் மாநிலத்தில் அமைதி உண்டு, பாடசாலைகள் நல்லவை என்ற செய்தி தொலைபேசி வழியாகப் பரவியது. மாநிலத்தின் பெரிய நகரமான போட்லண்டில் வீடுகள் தட்டுப்பாடாக இருந்தமையால், வெற்று வீடுகள் நிறைந்திருந்த லூயிஸ்ரனை நோக்கி 2001 பெப்ரவரியில் முதற் குடும்பங்கள் வந்தன. 2002 இலையுதிர் காலத்தில் அவர்களின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

இங்கு ஒரு நிருவாக உண்மை கவனத்திற்குரியது. முதலமர்வுக்குரிய நிதி முதல் நகரத்தோடு நின்றுவிடும். இடம்பெயர்ந்த அகதியைப் பின்தொடர்ந்து வருவதில்லை. எனவே லூயிஸ்ரனை அடைந்தவர்களை எதிர்கொள்ள ஆயத்தமான தாபனம் எதுவும் அங்கே இருக்கவில்லை. வறியோர்க்கான பொது உதவியை வழங்கும் பொறுப்பு மேய்ன் மாநிலச் சட்டப்படி உள்ளூராட்சிச் சபைகளுக்கு உரியது. தேய்ந்துகொண்டிருந்த ஒரு நகரத்தின் சிறிய வரவுசெலவுத் திட்டத்தின்மேல் திடீரெனப் புதிய சுமை விழுந்தது. இந்த இடைவெளியிலேதான் தொண்டர்களின் பணி தொடங்கியது. ஊர்ப்பகையும் இதே இடைவெளியில் வேரூன்றியது.

ஒரு கடிதமும் இரண்டு கூட்டங்களும்

2002 ஒக்டோபர் தொடக்கத்தில் நகர மேயர் லோறியர் றேமண்ட், சோமாலிய மூத்தோர்க்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். நகரின் வளங்கள் தாங்கும் எல்லையை எட்டிவிட்டன என்றும், மேலும் தம் உறவினர் வருவதைத் தணிக்குமாறும் அவர் கேட்டுக்கொண்டார். அதனை எழுதியவர் பிரெஞ்சு வழிவந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கடிதம் நாடு முழுவதும் செய்தியாயிற்று. சோமாலிய மூத்தோர் தாம் உழைத்து வாழவும் வரியிறுக்கவும் வந்தவர்கள் என்பதை எடுத்துரைத்து மறுமொழி எழுதினர். அதே மாதத்தில் நகரவாசிகள் பலர் கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றிலிருந்து சோமாலியரின் பள்ளிவாசல்வரை ஊர்வலமாக நடந்து சென்றனர்.

கடிதத்தைத் தமக்கு வாய்ப்பாகக் கொண்ட வெள்ளையின வெறிக் கும்பலொன்று 2003 சனவரி 11ஆந் திகதி லூயிஸ்ரனிற் கூட்டம் நடத்தப்போவதாக அறிவித்தது. அதற்கு எதிர்வினையாக உள்ளூர் மதத்தலைவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் தொழிலாளரும் இணைந்து வேறொரு கூட்டத்தை ஒழுங்குசெய்தனர். வெறியர் கூட்டத்திற்கு வந்தோர் சில பத்துப்பேர் மட்டுமே. பேற்ஸ் கல்லூரி உடற்பயிற்சி மண்டபத்திலும் வெளியே உறைகுளிரிலும் கூடியோர் 4,000இற்கும் அதிகம். மாநில ஆளுநரும் செனற்சபை உறுப்பினர் இருவரும் அங்கு வந்திருந்தனர். நகர மேயர் அன்று ஊரில் இருக்கவில்லை.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகின்றது. அது வெற்றியே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருநாட் கூட்டத்திற்கு நாலாயிரம்பேர் வருவது எளிது. திங்கட்கிழமை காலையில் ஒரு தாயைப் பிள்ளையோடு வைத்தியசாலைக்கு அழைத்துச்செல்ல நான்குபேர் வருவது அரிது. அந்நகரின் வரலாற்றைத் தீர்மானித்தது இந்த இரண்டாவது வகையினரின் பணியே.

காகிதம் படிப்போர்

தொண்டர் பணியின் முதற்கட்டம் பொருள் திரட்டுவதாக இருந்தது. குளிர் அங்கிகள், சப்பாத்துகள், மெத்தைகள், சமையற் பாத்திரங்கள் தேவாலய மண்டபங்களில் வந்து குவிந்தன. மேய்ன் மாநிலத்தின் மாரிகாலம் ஐந்து மாதம் நீடிப்பது. உறைபனியைக் கண்டிராத குடும்பங்களுக்கு இவ்வுதவி இன்றியமையாததே. ஆனால் கொடுப்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதுமானதன்று என்பது விரைவிற் புலனாயிற்று. இஸ்லாமியப் பெண்கள் அணியவியலாத ஆடைகள் வந்தன. பன்றிக்கொழுப்புக் கலந்த தகரவுணவுகள் உணவுப் பொதிகளில் இடம்பெற்றன. கைகுலுக்க நீண்ட ஆணின் கரத்தை ஒரு பெண் ஏற்காதபோது அது அவமதிப்பாகக் கொள்ளப்பட்டது.

இரண்டாம் கட்டத்தில் தொண்டர்கள் வழிகாட்டிகளாயினர். வந்தவர்க்கு மிகப் பெரும் இடராக அமைந்தது காகிதம். அமெரிக்க வாழ்வு கடிதங்களால் நடத்தப்படுவது. மின்சாரக் கட்டணச் சிட்டை, வீட்டுச் சொந்தக்காரரின் அறிவித்தல், பாடசாலைச் சுற்றுநிருபம், வைத்தியசாலைக் கணக்கு, நலனுதவித் திணைக்களத்தின் எச்சரிக்கை, வெறும் விளம்பரம் ஆகிய யாவும் ஒரே மாதிரியான உறையில் வந்துசேரும். எழுத்தறியாத தாயொருத்திக்கு விளம்பரத்திற்கும் எச்சரிக்கைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. எச்சரிக்கைக்குக் குறித்த நாளுக்குள் மறுமொழி அனுப்பாவிடில் உதவி நிறுத்தப்படும். ஆகவே பையிற் கட்டுக்கட்டாகக் கொண்டுவரப்பட்ட கடிதங்களைப் பிரித்து, வாசித்து, விளக்கி, நிரப்பி அனுப்புவதே நாளாந்தத் தொண்டாயிற்று. அதனோடு வாகனத்தில் அழைத்துச் செல்லல், ஆங்கிலம் கற்பித்தல், பிள்ளைகளின் வீட்டுவேலைக்குத் துணையிருத்தல் என்பனவும் சேர்ந்தன. நகரின் முதியோர் கல்வி நிலையம் ஆங்கில வகுப்புகளால் நிறைந்தது. பேற்ஸ் கல்லூரி மாணவர் பாடசாலைகளிலும் மாலைநேர வகுப்புகளிலும் பணியாற்றினர்.

இப்பணியில் ஒரு சிறு செய்தி ஆழ்ந்த பொருளுடையது. ஒரு வீட்டில் தந்தை, தாய், பிள்ளைகள் அனைவரின் அடையாள அட்டையிலும் பிறந்தநாள் சனவரி 1 என்றிருப்பதைத் தொண்டர்கள் கண்டனர். முகாமிற் பதிவு செய்த உத்தியோகத்தர், பிறந்த திகதி அறியாதோர் யாவருக்கும் அந்நாளையே எழுதிவிடுவது வழக்கம். நிருவாகத்தின் வசதிக்காக மனிதரின் தனித்தன்மை அழிக்கப்படுவதற்கு அது ஓர் அடையாளம். வந்தவர்களை ‘சோமாலியர்’ என்ற ஒரே சொல்லால் நகரம் அழைத்ததும் அத்தகையதே. அதன் விளைவுகள் 2005ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெளிப்பட்டன.

ஜூபா ஆற்றின் மக்கள்

அக்காலத்தில் லூயிஸ்ரனுக்கு வரத்தொடங்கிய இரண்டாம் தொகுதியினர் சோமாலிய பாண்டுக்கள். இவர்களின் முன்னோரிற் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய தன்சானியா, மலாவி, மொசாம்பிக் பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுத் தென்சோமாலியப் பயிர்நிலங்களில் விற்கப்பட்டோர். தப்பியோடியவர்களும் விடுதலை பெற்றவர்களும் ஜூபா ஆற்றங்கரைக் காடுகளை வெட்டிக் கழனியாக்கிக் குடியிருந்தனர். இத்தாலிய ஆட்சியாளர் அடிமை முறையைச் சட்டத்தில் ஒழித்தாராயினும் தம் பெருந்தோட்டங்களுக்கு இவர்களையே கட்டாய உழைப்பாளராக்கினர். சுதந்திர சோமாலியாவிலும், கால்நடை வளர்ப்பை உயர்வாகக் கருதிய சமூக அமைப்பில், ஏர்த்தொழில் செய்த இவர்கள் சுருள்முடியின் பெயரால் இழித்துரைக்கப்பட்டனர். 1975ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தைப் பயன்படுத்தி, அதிகாரத்தில் இருந்தோர் 1980களில் ஆற்றங்கரை நிலங்களைத் தம் பெயரிற் பதிந்துகொண்டனர்.

1991 சனவரியிற் சியாத் பாரேயின் ஆட்சி வீழ்ந்தபின் ஆயுதக் குழுக்கள் மாறிமாறி அப்பள்ளத்தாக்கைச் சூறையாடின. தானியக் களஞ்சியங்கள் வெறுமையாயின. பஞ்சம் பலரைக் கொண்டது. எஞ்சியோர் கென்யாவின் தடாப் முகாம்களுக்கு நடந்தனர். சோமாலியாவிற்குத் திரும்புவது இவர்களுக்கு இயலாது என்பது உணரப்பட்டதும் தன்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் குடியமர்த்தும் முயற்சிகள் எழுந்தன. அவை எதிர்பார்த்தவாறு கைகூடவில்லை. 1999இல் அமெரிக்கா இவர்களை ஒரு தனிக் குழுவாக ஏற்க இசைந்தது. 2002இற் கென்யாவின் மறுகோடியிலுள்ள ககுமா முகாமுக்கு மாற்றப்பட்டு, விசாரணைகளின்பின் 2003 முதல் ஏறக்குறைய 12,000பேர் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரசபையும் தென் கரோலினாவின் கேய்சி நகரத்தாரும் இவர்கள் வருகையை முற்கூட்டியே எதிர்த்தனர். மின்விளக்கையும் மாடிப்படியையும் காணாதவர்கள் என்ற வியப்பே பத்திரிகைகளில் மேலோங்கியிருந்தது. நவீன உலகின் பெருந்தோட்ட உற்பத்தியால் இரண்டு நூற்றாண்டாக அலைக்கழிக்கப்பட்டோர், நவீன உலகையே அறியாதோராகச் சித்திரிக்கப்பட்டமை முரண்நகை எனலாம்.

இம்மக்கள் லூயிஸ்ரனை அடைந்தபோது நகரில் ‘சோமாலிய மொழிபெயர்ப்பாளர்’ முன்னரே இருந்தனர். ஆனால் பாண்டு மக்களிற் பெரும்பாலோர் பேசியது மாய் மாய் மொழி. பொதுச் சோமாலிய மொழியிலிருந்து அது பெரிதும் வேறுபட்டது. அதற்கு மேலாக, மொழிபெயர்ப்பாளர் பலர் ஊரில் தம்மை இழிவாக நடத்திய குலங்களைச் சேர்ந்தோராக அவர்களுக்குத் தோன்றினர். வைத்தியரின் முன் தன் உடல்நிலையையோ, அதிகாரியின் முன் தன் துயரையோ அத்தகைய ஒருவரின் வாய்வழியே சொல்ல ஒரு பெண் எவ்வாறு துணிவாள்? நல்லெண்ணத்தோடு ஏற்பாடு செய்யப்பட்ட உதவி, பழைய ஆதிக்க உறவைப் புதிய ஊரில் மீண்டும் நிறுவும் ஆபத்தை உடையதாயிற்று. ஜூபாவின் வரலாற்றை அறியாத எவரும் இதனை உணர்ந்திருக்க முடியாது. தொண்டு செய்வோர்க்கு இரக்கம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு வரலாற்றறிவும் வேண்டும் என்பதை இது நிறுவுகின்றது.

புகைப்படங்களின் மீட்சி

இவ்வறிவு நகருக்குக் கிடைத்த வழிகளுள் ஒன்று வியப்புக்குரியது. கதரின் பெஸ்ற்மன் என்னும் மானிடவியலாளர் 1987-88இல் நடு ஜூபாவிலுள்ள பாண்டா என்னும் கிராமத்தில் வாழ்ந்து ஆய்வு செய்தவர். போர் தொடங்கியபின் அக்கிராமத்தாரின் கதி அவருக்குத் தெரியவில்லை. பின்னர் அவர் மேய்ன் மாநிலத்திலேயே கோல்பி கல்லூரியில் ஆசிரியையானார். 2006இல், தம் வீட்டிலிருந்து ஒரு மணிநேரப் பயணத் தூரத்திலுள்ள லூயிஸ்ரனில், தாம் முன்பு அறிந்த அதே கிராமத்துக் குடும்பங்கள் வாழ்வதை அவர் கண்டறிந்தார்.

அவரும் அவர் கணவரும் கிராமத்திலிருந்து கொண்டுவந்த புகைப்படங்கள் அப்போது பெருமதிப்புப் பெற்றன. அனைத்தையும் விட்டோடிய மக்களுக்கு, இறந்த பெற்றோரின் முகமும், எரிந்துபோன வீட்டின் முற்றமும், தம் குழந்தைப் பருவமும் அவற்றில் மீண்டு கிடைத்தன. குளிர் அங்கியும் மெத்தையும் கொடுக்க எத்தனையோபேர் இருந்தனர். அவர்களுக்கு ஒரு கடந்தகாலம் உண்டு என்பதற்குச் சான்று கொடுத்தவர் ஒருவரே. பெஸ்ற்மன் 2016இல் வெளியிட்ட நூல், அகதிகளையும் அதிகாரிகளையும் தொண்டர்களையும் அவரவர் நோக்கிலிருந்து விளக்க முயல்வது. அகதிகளுக்கு இலவச வாகனம் கொடுக்கப்படுகின்றது, வரி விலக்கு அளிக்கப்படுகின்றது என்றவாறான வதந்திகள் நகரில் எவ்வாறு பரவின என்பதையும் அது ஆராய்கின்றது. இவ்வதந்திகளை மறுப்பதில் மாநகர உத்தியோகத்தர்களும் பெரிதும் பாடுபட்டனர். ஆய்வு நூலகத்தோடு நின்றுவிடாமல் ஆய்வுக்குட்பட்டோரிடமே திரும்பிவந்த அரிய நிகழ்வு என்ற வகையில் இது பல்கலைக்கழகத்தாரின் சிந்தனைக்குரியது.

உதவி பெற்றோர் உதவுவோராதல்

மூன்றாம் கட்டத்தில் தொண்டின் திசையே மாறியது. சோமாலியப் பெண்கள் 2001இலேயே தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தனர். பாண்டு மக்களும் வந்த சிறிது காலத்திற்குள் தம் சமூகச் சங்கத்தை நிறுவினர். ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் வேலையும் படிப்பும் முடித்த நேரத்தில் அச்சங்கத்தில் அமர்ந்து தம்மவரின் கடிதங்களை வாசித்தனர். ஊதியமின்றிச் செய்யப்பட்ட இப்பணி, வெளியிலிருந்து வந்த எந்தத் தொண்டையும்விட நீண்டதும் ஓய்வற்றதுமாகும். ‘தொண்டர்’ என்றதும் வெள்ளை முகத்தையும் ‘அகதி’ என்றதும் நீட்டிய கையையும் மட்டுமே எண்ணுவோர் இவ்வுண்மையைக் காணத்தவறுவர்.

2011இல், மரங்களின் பெயர்கொண்ட தெருக்கள் நிறைந்த மையப்பகுதியில், பேற்ஸ் கல்லூரியிற் பயின்ற ஒருவரும் அவர் தோழியும் பிள்ளைகளுக்கான மாலைநேரக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். ‘மரத்தெரு இளைஞர்’ என்னும் பொருள்படும் பெயருடைய அந்நிலையத்தில் அகதிப் பிள்ளைகளும் ஏழை வெள்ளையர் பிள்ளைகளும் ஒரே மேசையிற் படித்தனர். 2015இல் லூயிஸ்ரன் உயர்நிலைப் பாடசாலையின் உதைபந்தாட்டக் குழு மாநில வெற்றிக் கிண்ணத்தை முதன்முறையாகப் பெற்றது. அக்குழுவினரிற் பெரும்பாலோர் ஆபிரிக்க அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். அயலவர் தம் ஊரின் வெற்றியென அதனைக் கொண்டாடினர்.

எல்லாவற்றினும் பொருள் பொதிந்தது கமம் பற்றிய செய்தி. ஜூபா மக்கள் கமக்காரர். எழுத்தறியாதோர் என்று நகரம் அவர்களைக் கணக்கிட்டபோது, மண்ணறிவு அவர்களிடம் நிறைந்திருந்ததை அது கணக்கில் எடுக்கவில்லை. நகரின் வெற்று வளவுகளில் தோட்டம் அமைக்கும் முயற்சிகளும், புதிய குடியேறிகளுக்கு நிலமும் பயிற்சியும் அளிக்கும் திட்டங்களும் இதனை வெளிக்கொணர்ந்தன. 2014இற் பாண்டு சமூகச் சங்கம் ‘விடுதலைப் பண்ணை’ எனப் பொருள்படும் பெயரில் தன் கமத்தைத் தொடங்கியது. ‘இஸ்கஷிட்டோ’ எனும் கூட்டுழைப்புக் குழுக்களாகப் பெண்கள் சேர்ந்து சோளம் பயிரிட்டனர். அதனை அரைத்துத் தம் ஊர்க் கூழாகிய ‘சூர்’ ஆக்கினர். பின்னர் அயலூரொன்றில் 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நீண்டகால உரிமையோடு அவர்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அந்நிலத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘சின்ன ஜூபா’. ஆற்றோரத்திற் ‘சின்னக் கனடா’ தோன்றி ஒன்றரை நூற்றாண்டின்பின் அதே மண்ணிற் சின்ன ஜூபா தோன்றியது.

இதனால் யாவும் இனிதே முடிந்தன எனக் கொள்ளுதல் தவறாகும். 2006 யூலையில் தொழுகை நடந்துகொண்டிருந்த பள்ளிவாசலுக்குள் ஒருவன் பன்றித்தலையை எறிந்தான். 2012இல் அப்போதைய மேயர், வருவோர் தம் பண்பாட்டை வாசலிலேயே விட்டுவர வேண்டுமென்று பேட்டியொன்றிற் கூறிக் கண்டனத்துக்குள்ளானார். ஆலைத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட பழைய மரவீடுகளின் ஈயப் பூச்சு அகதிக் குழந்தைகளின் இரத்தத்தில் நஞ்சாகக் கலந்தது. இதனைத் தொண்டர்களின் அன்பு தீர்க்காது; சட்டமும் நிதியும் தேவை. 2019இல், ஏழு வயதில் அகதியாக வந்த சபியா காலித் தமது 23ஆம் வயதில் நகரசபைக்குத் தெரிவானார். தேர்தற் காலத்தில் அவர்மீது பொழியப்பட்ட வசைகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவை. ஆயினும் அவருக்கு வாக்களித்தோர் அவ்வூரவர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் குடித்தொகை 37,121 ஆயிற்று. தேய்ந்துகொண்டிருந்த நகரம் மீண்டும் வளர்ந்தது.

முடிவுரை

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது அடிப்படைப் பொருள். புதியராய் வந்தோரைப் பேணுதல் விருந்தோம்பல். அது உயர்ந்த அறமே. ஆனால் அவ்வறத்துக்கு ஓர் எல்லையுண்டு. விருந்தினர் சில நாளிற் போய்விடுவர் என்பது அதன் உள்ளார்ந்த எதிர்பார்ப்பு. அகதி போவதற்காக வந்தவரல்லர். அவரை நெடுங்காலம் விருந்தினராகவே வைத்திருப்பது, அன்பின் பெயரால் வாசலில் நிறுத்திவைப்பதற்கு ஒப்பாகும். ‘எவ்வளவு நாளைக்கு?’ என்ற கேள்வி வரவேற்றவர் வாயிலிருந்தே பிறப்பதும் அதனால்தான். 2002ஆம் ஆண்டின் கடிதத்தில் ஒலித்தது அக்கேள்வியே.

விருந்தினர் குடிகளாவதற்கு லூயிஸ்ரனில் இரண்டு நினைவுகள் தேவைப்பட்டன. முதலாவது, வந்தவர் யார், எவ்வழியாக வந்தனர், எதை அறிந்தவர் என்ற நினைவு. அது இல்லாதவரை உதவி தடுமாறியது; கிடைத்தபோது உதவி பெற்றோரே முன்னின்று நடத்துவோராயினர். இரண்டாவது, இருந்தவர் தம்மைப் பற்றிய நினைவு. மொழி வேறு, மதம் வேறு, பிள்ளைகள் அதிகம் என்று இன்று சொல்பவர், அதே சொற்கள் தம் பாட்டன் பாட்டியர்மேல் எறியப்பட்டவை என்பதை உணரும்போதே அயலவராகின்றார். தேவாலயத்திலிருந்து பள்ளிவாசல்வரை நடந்தவர்கள் கடந்த தூரம் சில தெருக்கள்தான். எனினும் அவர்களுட் பிரெஞ்சு வழிவந்த ஒருவர் இருந்திருப்பின், அவர் நடந்தது தம் முன்னோர் வாழ்ந்த ஊரின் தெருக்களினூடாக என்பதும் உண்மை.

அந்த மரவீடுகளின் படிக்கட்டுகளில் ஒருகாலத்தில் பிரெஞ்சு மொழியிற் பிள்ளைகளைக் கூப்பிட்ட தாய்மார் இருந்தனர். பின்னர் அதே படிக்கட்டுகளில் மாய் மாய் மொழியிற் கூப்பிடும் குரல்கள் கேட்டன. படிக்கட்டுகள் மாறவில்லை, கூப்பிட்ட செய்தியும், இருட்டுகிறது வீட்டுக்கு வா என்பதன்றி, வேறாக இருந்திருக்க முடியாது. அப்பிள்ளைகள் ‘வீடு’ என்ற சொல்லை ஐயமின்றிக் கேட்டு ஓடிவரும் நாளே குடியேற்றம் நிறைவுறும் நாள். அந்நாளை விரைவுபடுத்துவது தொண்டர்களின் பணி. அந்நாள் வந்ததும் விலகிநின்று அயலவராக மட்டும் வாழ்வது அப்பணியின் நிறைவு.